நோம்பு மாதத்துக் கன்னம்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். “பழைய அனுபவங்களை அமைதியா உக்காந்து எழுதித் தாங்க இத்தா” என்று இப்போதைய கோச்சிடமிருந்து செய்தி. அமைதியாக உட்காருவது ஒன்றுதான் எனக்கு இதுவரை கைவராத வேலை. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டேன். மாடியில் காயப்போட்ட துணியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை ஏற்றுகிற லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதை ஜன்னலில் பார்த்து, யாரும் கேட்காமலே அந்த டிரைவருக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டும் வந்தாயிற்று.

அதே செய்தியில் இன்னொரு விஷயமும் இருந்தது. அளவெடுக்க மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி மெஷினின் காமிராவைப் பார்த்து நின்றால் போதும், கண் எங்கே இருக்கிறது, தோள் எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அதன்படி துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையைச் சரிசெய்து கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி வரிதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. சீசன் நடுவில் நோம்பு மாதம் வருகிறது. இவர்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதா இல்லையா?

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். களமசேரிக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரியில் எங்கள் கிளப்பின் மைதானம். பள்ளத்தில் இருக்கும் எந்திரம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய களிமண் தட்டு ஒன்றை விசிறி எறியும். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும், எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரியாது. இரட்டைக்குழல் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் சிறு ரவைகள் ஒரு கொத்தாகப் போய் அதை உடைக்க வேண்டும். குறிபார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கண் தட்டைப் பார்க்கும், கண் போகும் இடத்துக்குத் துப்பாக்கி போக வேண்டும். அப்படிப் போவதற்குத் துப்பாக்கி அந்த உடம்புக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினால் எப்படியோ அப்படித்தான், பொருந்தாத துப்பாக்கி. ஓய்வு பெறும்வரை, பொருந்தவைப்பதுதான் என் வேலை.

நான் அங்கே தோட்டா கொடுக்கும் கவுன்ட்டரில்தான் சேர்ந்தேன். பள்ளியில் ஈட்டி எறிந்தவள் என்பதைத் தவிர எனக்கும் விளையாட்டுக்கும் வேறு சம்பந்தம் இல்லை. அப்போது கோச்சாக இருந்தவர் கோவிந்தன் சார். ராணுவத்தில் இருந்து வந்தவர், பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ். பெண்கள் சுட வர ஆரம்பித்தபோது அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. அளவெடுக்க வேண்டுமானால் தோள்குழியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், கன்னத்து எலும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் பெண்களைத் தொட மாட்டார். ஒருநாள் கவுன்ட்டருக்கு வந்து, “சுபைதா, உன் கைய காட்டு” என்றார். காட்டினேன். “நடுக்கம் இல்லை. நாளையிலிருந்து நீ என்கூட நில்லு” என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், தோளில் துப்பாக்கி உதைத்த நீலம், காதுக்குள் சதா ஒரு ரீங்காரம். காலையில் படகில் எர்ணாகுளம், அங்கிருந்து பஸ். மாலையில் திரும்பும்போது படகில் பக்கத்தில் உட்காருபவர்கள் என் மேல் வரும் வெடிமருந்து வாசனைக்கு மூக்கைச் சுளிப்பார்கள். மட்டாஞ்சேரியில் இறங்கினால் மிளகு வாசனையில் அது மறைந்துவிடும்.

சார் அளவெடுக்கும் முறையை மட்டும் சொல்ல வேண்டும். சுடுகிறவரைக் கண்ணை மூடச் சொல்வார். மூடிய கண்ணோடு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தில் பதிக்க வேண்டும். அப்புறம் கண்ணைத் திறந்து, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். குழலின் மேல் ஒரு பட்டை ஓடும், அதன் முனையில் ஒரு சின்ன மணி. பட்டை நிறையத் தெரிந்தால் கன்னம் பதியும் இடம் உயரம். பட்டையே தெரியாமல் பின்பக்க இரும்புதான் தெரிகிறது என்றால் பள்ளம். கண் திறந்திருந்தால் மனுஷன் கழுத்தை வளைத்துத் துப்பாக்கிக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டுவிடுவான், அதனால்தான் மூடச் சொல்வது. கடைசியாக, சுண்ணாம்பு அடித்த இரும்புத் தகடு. நடுவில் கறுப்புப் புள்ளி. குறிபார்க்காமல், ஏற்றியதும் சுட வேண்டும். ரவைகள் சுண்ணாம்பில் எங்கே விழுந்திருக்கின்றனவோ அதுதான் தீர்ப்பு.

ஆலுவாவிலிருந்து ஒரு மர வியாபாரி வருவார். மச்சினருடைய துப்பாக்கி. மச்சினர் ஆறடி, இவர் என் உயரம். ஒவ்வொரு தடவையும் நீளமான கட்டை அவர் அக்குளில் சிக்கும், கன்னம் பதியாது, சுட்டதும் கட்டை கன்னத்தில் அறையும். ஒரு கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் வந்து நின்றுகொண்டு, “துப்பாக்கி நல்லதாக்கும், எனக்கு நேரம் சரியில்ல” என்பார். “சேட்டா, மரம் வெட்டத் தெரிஞ்ச உங்களுக்கு இந்தக் கட்டையில ரெண்டு விரல் வெட்டத் தெரியாதா?” என்று கேட்டேன். மச்சினர் கோபித்துக்கொள்வாராம். குடும்பத்தில் சண்டை வரக்கூடாது என்று கண்ணைக் கறுக்கவைத்துக்கொண்டு திரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கோவிந்தன் சாருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, அவர் தட்டைப் பார்க்கவே மாட்டார். சுடுகிறவரின் பின்னால் தோளோடு தோளாக நின்று துப்பாக்கியை மட்டும் பார்ப்பார். தப்பிவிட்டால் ஏன் தப்பியது என்று கேட்க மாட்டார். “எங்க போச்சு?” என்பார். மேலே போனதா, கீழேயா, பின்னாலேயா. அதைச் சொல்லத் தெரியாதவனுக்கு அடுத்த தோட்டா கிடையாது. இன்னொன்று, ஒருமுறை அளந்து கொடுத்த கட்டையை மறுபடி தொடவிட மாட்டார். “அளந்தது அளந்தது. இனி குறை மனுஷன்கிட்டதான் இருக்கும்” என்பார். அது நியாயம்தான். தோற்றவன் எல்லாம் துப்பாக்கியைத்தான் திட்டுகிறான்.

இந்த இரண்டாவது பழக்கத்தோடுதான் எனக்கு ஒருமுறை முட்டிக்கொள்ள வேண்டி வந்தது.

நஸீமா எங்கள் மட்டாஞ்சேரிப் பெண். வீட்டில் என்னைப் போலவே தமிழ், பேச்சில் பாதி மலையாளம். ஒரு பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். அவளுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. கிளப்பிடம் நல்ல துப்பாக்கி என்று ஒன்றுதான் இருந்தது, அதை அந்த வருடம் அவளுக்குக் கொடுத்தார்கள். மழை விட்ட மாதத்தில் நானும் சாரும் அதை அவளுக்குப் பொருத்தினோம். நான் தொட்டுச் சொல்ல, அவர் குறிக்க, தச்சர் இழைக்க. முடிந்த அன்று தகட்டில் அவள் சுட்ட ரவைகள் புள்ளியைச் சுற்றிப் பூப்போல உட்கார்ந்தன. அப்புறம் அவள் கணக்கு ஏறிக்கொண்டே போனது. மாநில அணித் தேர்வு பெருநாள் கழிந்த வாரத்தில் திருவனந்தபுரத்தில். போகத் தகுதி அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசினார்கள்.

நோம்பு தொடங்கியது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு தட்டுகள் தப்ப ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, வரிசையாக. பகலில் பள்ளியில் பிள்ளைகளை ஓடவிட்டுத் தானும் ஓடுவாள், பிறகு பஸ் ஏறி இங்கே வருவாள், பச்சைத் தண்ணீர் கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்.

கிளப் செக்ரட்டரி ஜோஸ் நல்ல மனுஷர்தான், ஆனால் தனக்குத் தெரிந்த காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கீழே வைக்க மாட்டார். எங்கள் மூவரையும் ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மோளே, நோம்பு நல்லதுதான். நான் ஒண்ணும் சொல்லல. பட்சே வயிறு காலியா இருந்தா கண்ணு எப்படி நிக்கும்? தேர்வு முடியறவரைக்கும் விட்டுட்டு, அப்புறம் பிடிச்சுக்கலாம் அல்லே? அல்லெங்கில் துப்பாக்கிய பென்னிக்குக் கொடுக்கணும். அவனும் தேர்வுக்குப் போறவனாக்கும். வர்ற ஞாயிறு பயிற்சி ஆட்டத்துல பார்த்துட்டு முடிவு செய்யலாம்.”

நஸீமா எழுந்து நின்றாள். “சார், துப்பாக்கி கிளப்போடது. நோம்பு என்னோடது. நீங்க உங்களோடத எடுத்துக்கலாம்.”

அவள் குரல் உயரவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நானும் நோம்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நோம்பு பிடித்துக்கொண்டு அதே வெயிலில் அதே கையால் வேலை செய்கிறேன், அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. சாரைப் பார்த்தேன், இவராவது ஏதாவது சொல்வார் என்று. அவர் நஸீமாவிடம், “கீழயா போகுது?” என்று மட்டும் கேட்டார். “கீழதான் சார். உடையறதும் அடியிலதான் உடையுது” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். கீழே போவது தெரிந்தது. ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவளைச் சும்மா துப்பாக்கியை ஏற்றி இறக்கச் சொன்னார். ஏற்றுவதில் குறை இல்லை. கால் சரி, தோள் சரி. பயமாக இருக்குமோ என்றார். பயமாக இருந்தால் கண்ணை மூடுவாள், மூடவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைதானத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நஸீமாவுக்கு வீடு போய்ச் சேர்ந்து நோம்பு திறக்க நேரம் போதவில்லை. மைதானத்திலேயே திறந்துகொள்ளலாம் என்று நான் தூக்கில் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். சாரும் இருந்தார். நோம்பு மாதம் முழுக்க அவர் எங்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், ஆனால் திறக்கும்போது முதல் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டுவார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது. நஸீமா தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயடிக்குப் போனாள், நான் பின்னாலேயே சொம்போடு போனேன். தொப்பியைக் கழற்றினாள், காது மூடியைக் கழற்றினாள், மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினாள், தலையைச் சுற்றிக் கட்டியிருந்த தட்டத்தையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தாள்.

சுடும்போது இத்தனையும் சேர்ந்து அவள் முகத்தில் மூக்கைத் தவிர எதையும் வெளியே விட்டுவைப்பதில்லை. பின்னால் நிற்கும் சாருக்குத் தட்டத்தின் மடிப்புதான் தெரியும். இப்போதுதான் அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். குழி விழுந்திருந்தது. துப்பாக்கியின் கட்டை பதிகிற சிவப்புத் தடம், மழை விட்ட மாதத்தில் சதையின் மேல் இருந்தது. இப்போது எலும்பின் மேலேயே ஏறி நின்றது.

“நஸீமா, நில்லு” என்று அவள் ஈர முகத்திலேயே விரலை வைத்து அமுக்கினேன். சதை போன இடத்தில் விரல் சட்டென்று எலும்பைத் தொட்டது.

“எந்தா இத்தா? வலிக்குது.”

“கன்னம் எங்கடி போச்சு?”

ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். கன்னம் இளைத்தால் முகம் கட்டையின் மேல் தாழ்ந்து உட்காரும். முகம் தாழ்ந்தால் கண் தாழும். கண் தாழ்ந்தால் சுடுவது கீழே போகும். இதை அவருக்கே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூச்சு வாங்குகிறது. அவர் அசையவில்லை. “சுபைதா, அளந்தது அளந்தது. இப்ப தொட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்.”

“சார், நாம அளந்த முகம் இப்ப இல்ல. வேற முகம் வந்து நிக்குது.”

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். கஞ்சியை நிதானமாகக் குடித்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து நின்றேன், அந்த மனுஷர் தூக்கின் அடியில் இருந்த கடைசிக் கரண்டியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். பிறகு, “வெளிச்சம் கொஞ்சம் இருக்கு. தகட்டுக்குச் சுண்ணாம்பு அடி” என்றார்.

கண்ணை மூடி ஏற்றி, திறந்ததும் சுட்டாள். ரவைகள் புள்ளிக்குக் கீழே ஒரு கை அகலத்தில் கொத்தாக விழுந்தன. சிதறவில்லை, நடுங்கவில்லை. இடம்தான் தப்பு. வயிறு காலியானவள் சுட்ட சுவடா அது? சார் சுண்ணாம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முதலுதவிப் பெட்டி எங்க?” என்று கேட்டார்.

காயத்துக்கு ஒட்டுகிற துணிப் பிளாஸ்டர்தான். கட்டையில் கன்னம் பதியும் இடத்தில் ஒரு அடுக்கு ஒட்டினேன், சுட்டாள், கொத்து கொஞ்சம் மேலே வந்தது. இன்னொரு அடுக்கு. இன்னொன்று. கடைசியில் வெளிச்சம் போகிற நேரத்துக்குப் புள்ளி ரவைகளின் நடுவில் இருந்தது. நஸீமா துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு, தட்டத்தின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “நான் உள்ளுக்குள்ள பயந்துட்டேன் இத்தா. அவங்க சொல்றது சரியோன்னு” என்றாள். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நோம்போடேயே சுட்டாள். துப்பாக்கி அவளிடமே இருந்தது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பெருநாள் வந்தது. அவள் உம்மா வைக்கும் பிரியாணி பற்றி எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். ஒரு வாரம் விருந்து, அவள் மைதானப் பக்கமே வரவில்லை. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கன்னம் திரும்பி வந்திருந்தது. பிளாஸ்டரோ ஒட்டினபடியே இருக்கிறது. இப்போது கண் உயரும், சுடுவது மேலே போகும்.

சாரைக் கதவுப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். “தெரியும்” என்றார். “அவகிட்ட சொல்லாதே.”

“என்ன சார் பேசறீங்க?”

“நீ சொன்னா இன்னைக்கு முழுக்க அவ கட்டையைத்தான் நினைப்பா. தட்டை நினைக்க மாட்டா. எங்க போகுதுன்னு அவளுக்குப் பார்க்கத் தெரியும். பார்க்கட்டும்.”

வாழ்க்கையில் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. ஒரு வருட உழைப்பு, ஒரு மாத நோம்பு, செக்ரட்டரியிடம் எழுந்து நின்று பேசிய அந்தப் பேச்சு, எல்லாம் மூணு அடுக்குப் பிளாஸ்டரில் போய்விடுமே. சாரை மீறிச் சொல்லிவிடலாமா என்று ரயில் ஊர் சேரும்வரை யோசித்தேன். சொல்லவில்லை. முதல் சுற்றில் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன், அங்கிருந்து வாய் திறக்கக்கூடாது என்பது விதி. முதல் தட்டு தப்பியது. ஐந்தாவது, மேல் ஓரம் மட்டும் பொடியாகி மீதி முழுசாகப் போனது. நான் கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வேறு மாவட்டத்துக்காரர் தள்ளி நின்றார்.

சுற்று முடிந்து நஸீமா வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டை விரல் நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தைக் கிளப்பி, ஒரு அடுக்கை உரித்தாள். கண்ணை மூடி ஏற்றிப் பார்த்தாள். இறக்கி, இன்னொரு அடுக்கையும் உரித்தாள்.

சார் கேட்டார், “எங்க போச்சு?”

“மேல போச்சு சார். உம்மாவோட பிரியாணி” என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த சுற்றுகளில் அவள் விட்டதைப் பிடித்தாள். அணியில் கடைசி இடம், ஆனாலும் அணி அணிதான்.

ஜோஸ் செக்ரட்டரி லட்டு வாங்கிக் கொடுத்தார். “நோம்பு கழிஞ்சதும் சரியாயி, கண்டோ” என்று எல்லோரிடமும் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறாராம். தகட்டையும் பிளாஸ்டரையும் பற்றி எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன், அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் அதையே சொல்வார். இது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

கோவிந்தன் சார் இப்போது இல்லை. மெஷின் வாங்கியிருப்பதாக எனக்குச் செய்தி அனுப்பிய கோச் வேறு யாருமில்லை, நஸீமாதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம். வேறு யாராவது அந்த விதியைப் போட்டிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இதுவரை எழுதிவிட்டு, பொறுக்க முடியாமல் அவளுக்கே போன் போட்டேன்.

“சீசன் முடியறவரை தொடக்கூடாதாமே? உன் கன்னத்த மறந்துட்டியா?”

“மறப்பேனா இத்தா? பட்சே இவங்க ஒரு தட்டு தப்பினா போதும், உடனே ஸ்க்ரூவைத் திருகிக் கட்டையை ஏத்தறாங்க, இறக்கறாங்க. சார் சொன்னதுதான், அளந்தது அளந்தது.”

“சார் கஞ்சியக் குடிச்சிட்டு அத மாத்திக்கிட்டார். நோம்பு வருது, தெரியுமா உனக்கு?”

போனில் அவளுக்குப் பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது, யாரோ சுடுகிறார்கள்.

“தெரியும் இத்தா. இங்க நோம்பு பிடிக்கிறவங்க மூணு பேர் இருக்காங்க. மெஷின் கண்ணைக் காட்டுது, எலும்பைக் காட்டுது. கன்னத்துல சதை இருக்கா இல்லையான்னு அது தொட்டுப் பார்க்காது. நான் தொட்டேன், என் விரலுக்குத் தெரியல. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து தொட்டுப் பாருங்க. நீங்க சொன்னா விதிய மாத்தறேன்.”

“இத நேரா கேட்டா என்ன? மலர், கட்டுரைன்னு எதுக்கு?”

“நேரா கேட்டா, ‘எனக்கு ஓய்வு கொடுத்தாச்சு’ன்னு சொல்லிட்டு போன வெச்சிருப்பீங்க.”

அப்படித்தான் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டேன். கட்டுரை இவ்வளவுதான், மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். மருந்துக் கடை திறந்திருக்கிறது, துணிப் பிளாஸ்டர் வாங்கிக்கொண்டு நடந்தால் அடுத்த படகைப் பிடித்துவிடலாம்.